இரண்டாவது பிரேக்

அத்தியாயம் பதினொன்று

கார் வாங்கலாமா வேண்டாமா என்பதை டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் சொன்ன பெண், உலகத்திலேயே நம் மூத்தவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது என்ன பேச்சு என்று அவளுக்கே உறைத்தது. கொட்டிய வார்த்தையை அள்ளவா முடியும்? நேற்றுச் சாப்பாட்டு மேஜையில் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. தம்பி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் எடுக்கிற சாக்கில் அம்மா எழுந்து உள்ளே போனாள். அப்பா மட்டும் நிதானமாக ஒரு வாய்க் கஞ்சியை விழுங்கினார்.

"வண்டி வாங்க டாக்டரை எதுக்கும்மா கேக்கணும்?"

"இல்லப்பா... ஆபரேஷன் தேதி தெரிஞ்சுதுன்னா..."

"சரி, கேளு. ஆனா நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் வண்டி இருக்குமாம். அதுக்கப்புறம் உடைச்சுடுவாங்க."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

ஆபரேஷன் என்று ஒன்று கிடையாது. அப்பாவைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். கணையத்தில் வந்த நோய் ஈரல்வரைக்கும் போய்விட்டது, திறந்து பார்த்துப் பிரயோஜனம் இல்லை, இந்த வருஷக் கடைசியைப் பார்ப்பதே கஷ்டம் என்று டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே சொல்லிவிட்டார். வயிற்றில் புண், உடம்பு தேறியதும் ஒரு சின்ன ஆபரேஷன், அதற்காகப் பணம் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம் என்று கதை கட்டியது அம்மாவின் ஏற்பாடு. பிள்ளைகள் இரண்டு பேரும் அதற்குத் தாளம் போட்டார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் எத்தனை நாள் மறையும்?

அப்பா இப்போது அந்தப் பூசணிக்காயின் மேலேயே கையை வைத்திருக்கிறார். ஆபரேஷனுக்கென்று வைத்த பணத்தில் தன் பழைய காரைத் திரும்ப வாங்கலாமா என்று கேட்கிறார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். 'பிரேக் வாத்தியார்' என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்தப் பாதிப் பேரும் ஒரே வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். மாணவர்கள் அதைச் சட்டி என்பார்கள். அப்பா அதற்கு வைத்த பெயர் மகராசி. ஸ்கூல் வண்டி என்பதால் பக்கத்து ஸீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அது அப்பாவின் பிரேக். முப்பது வருஷம் அவர் கால் அதன் மேல்தான் இருந்தது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வேகமாகக் கதவைத் திறந்தால்கூட அவர் கால் தரையை அழுத்தும்.

இன்னொரு விஷயம். கனமான பேச்சு எதையும் அவர் வீட்டுக்குள் பேசவிட மாட்டார். "வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்பார். பேசவேண்டியவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ரோட்டைப் பார்த்தாக வேண்டும் என்பதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. கத்த முடியாது, எழுந்து போகவும் முடியாது. "ஸ்டியரிங் பிடிச்சவன் பொய் சொன்னா வண்டி நேரா போகாது" என்பது அவர் சட்டம்.

தம்பி பரீட்சையில் கோட்டை விட்டதை அந்த வண்டியில்தான் சொன்னான். கட்டிக்கொடுத்த வீட்டுக்கு இனிமேல் திரும்பிப் போகமாட்டேன் என்று மூத்தவள் சொன்னதும் அதில்தான். கண்ணெல்லாம் தண்ணீர், ரோடே தெரியவில்லை.  அப்பா, "முதல்ல இண்டிகேட்டர் போடு. நீ திரும்பறியா நேரா போறியான்னு பின்னால வர்றவனுக்குத் தெரியணும்ல" என்றார். அதோடு அந்தக் கல்யாணப் பேச்சு முடிந்தது. அடுத்த வாரமே அவளுக்குப் பழைய அறை வெள்ளையடித்துத் தயாராக இருந்தது.

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதுபோல ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரின் மனைவிக்கு மட்டும் வண்டி ஓட்டத் தெரியாது. அம்மா அந்த ஸ்டியரிங்கைத் தொடுவதே இல்லை. ஏன் என்று கேட்டால், "உங்கப்பாவைக் கேளு" என்பாள். அப்பாவைக் கேட்டால், "உங்கம்மாவைக் கேளு" என்பார்.

கண் மங்கியதும் அப்பா ஸ்கூலை மூடினார். மகராசி வேறொருவர் கைக்குப் போய், அங்கிருந்து இன்னொருவரிடம் போய், கடைசியில் பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் வந்து நிற்கிறாள். அதன்பிறகு இந்த வீட்டில் கனமான பேச்சு எதுவுமே நடந்ததில்லை. பேச இடமில்லை என்பதுதான் உண்மை.

*

மூத்தவள் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதிக்கவேண்டும். மெழுகு பதமாக இளகியிருக்கும்போது பல்லை உட்காரவைக்கவேண்டும். இளக்கம் கூடினால் சாயும். குறைந்தால் ஒட்டாது.

இன்று காலை அவள் வலதுபக்கக் கோரைப்பல்லை இடதுபக்கம் பதித்துவைத்தாள். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்து, "யாருக்குக்கா இது, கண்ணாடிக்குள்ள இருக்கறவருக்கா?" என்று கேட்டபிறகுதான் தெரிந்தது. பிடுங்கிவிட்டு மறுபடி விளக்கில் கத்தியைக் காட்டினாள்.

மெழுகில் பதித்த பல்செட்டை உடனே கெட்டிப்படுத்திவிட மாட்டார்கள். முதலில் பல் டாக்டருக்கு அனுப்புவார்கள். அவர் அதைப் பல்செட் கேட்டவர் வாயில் வைத்து, கடித்துப் பார்க்கச் சொல்வார். எங்கே இடிக்கிறது, எங்கே இடைவெளி என்று அப்போது தெரிந்துவிடும்.

கத்தி கையில் இருக்க, மூத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பா கடித்துப் பார்க்கிறார்.

அவளுக்கு விவரம் தெரிந்த நாளாக அப்பா தனக்கென்று எதையும் கேட்டதில்லை. ஒரு சட்டை வாங்க நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் இருப்பதே போதும் என்று திரும்பி வருகிற மனுஷன். அவருக்கா இப்போது ஆபரேஷன் பணத்தில் கார்? அதுவும் கண் சரியாகத் தெரியாமல், சோறு இறங்காமல், மாடிப்படி ஏற முடியாமல் இருக்கும்போது?

அவர் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை, ஆழம் பார்க்கிறார். 'முடியாதுப்பா, அது ஆபரேஷன் பணம்' என்று பிள்ளைகள் சொன்னால் தனக்கு நாள் இருக்கிறது. 'அதுக்கென்ன, வாங்கிடலாம்' என்றால் இல்லை. அவ்வளவு சுலபமான கணக்கு. யாரையும் சங்கடப்படுத்தாமல், யார் வாயையும் பிடுங்காமல், அவராகவே தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்.

 மூத்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியை ஃபோனில் கூப்பிட்டாள்.

*

தம்பி லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். மதியம் கையெல்லாம் கிரீஸோடு வந்து லேபின் பின்பக்கப் படியில் உட்கார்ந்தான். கொண்டுவந்த ரொட்டியைப் பிரிக்கக்கூட இல்லை.

"யார்டுக்காரர்கிட்ட பேசிட்டேன்க்கா. நமக்காக அஞ்சு மணி வரைக்கும் நிறுத்தி வைக்கறேன்னார். வாங்கிடலாம்."

"வாங்கக்கூடாது."

"என்னக்கா பேசற? ஜென்மத்துல ஒண்ணு கேட்டிருக்கார். அதையும் இல்லைன்னு சொல்லச் சொல்றியா?"

"டேய், வாங்கினோம்னா அவருக்குத் தெரிஞ்சுடும்டா." அவள் தான் கண்டுபிடித்ததைச் சொன்னாள்.

தம்பி நெடுநேரம் தன் விரல் நகத்தில் இருந்த கறுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சா தெரியட்டுமே" என்றான் கடைசியில். "தினம் காலைல என்கிட்ட கேக்கறார், ஆபரேஷன் அன்னிக்கு எனக்கு லீவு கிடைக்குமான்னு. கிடைக்கும்பான்னு சொல்றேன். எத்தனை நாளைக்கு இதைச் சொல்லிட்டே இருக்கறது? லிஃப்ட்டுக்குள்ள மாட்டினவங்களை வெளிய நின்னு ஏமாத்தற மாதிரி இருக்குக்கா. இதோ வந்துடும், இதோ வந்துடும்னு."

"அம்மா என்ன சொன்னாங்கன்னு மறந்துட்டியா? நோய் கொல்றதுக்கு முன்னாடி பயம் கொன்னுடும்னாங்க."

"அம்மாவையே கேட்டுடலாம். ஃபோன் போடு."

போட்டாள். அம்மா எடுத்ததும் மூத்தவள் மெதுவாக, "அம்மா, அந்த வண்டி விஷயம். தம்பி வாங்கிடலாம்னு சொல்றான்" என்றாள்.

 அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் கணீரென்று வந்தது. "முட்டைக்கோஸா? அதெல்லாம் வேண்டாம்."

அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்று புரிந்தது.

"இல்லம்மா, அப்பாவே சந்தேகப்பட்டுத்தான் கேக்கறார்னு எனக்குத் தோணுது. அவரா தெரிஞ்சுக்கறதைவிட நாமளே சொல்லிட்டா..."

"வேண்டாம்னா வேண்டாம்தான். அழுகின காயை என் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தீன்னா, அப்படியே தூக்கித் தெருவுல கொட்டிடுவேன். சொல்லிட்டேன்."

பின்னாலிருந்து அப்பாவின் மெலிந்த குரல் கேட்டது. "யாரு ஃபோன்ல?"

"காய்க்காரன். வேற யாரு? வேண்டாம்னா விடமாட்டேங்கறான்." ஃபோன் வைக்கப்பட்டது.

தம்பி சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டான். மூத்தவள் அவன் முதுகில் கை வைத்தாள். கனமான கேபிளைத் தோளில் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன முதுகு. அது குலுங்குவதை அவள் வெகுநாள் கழித்துப் பார்க்கிறாள்.

பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. கார் வாங்கினால் அப்பாவுக்குச் சாவுச் சேதி. வாங்காவிட்டால், ஒன்றுமே கேட்காத மனுஷன் கேட்ட ஒன்றையும் மறுத்த பாவம்.

கடைசியில் மூத்தவள் முடிவு செய்தாள். மறுத்துவிடுவது. அப்பா மறுப்பைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கட்டும். பாவத்தைத் தான் சுமந்துகொள்வது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

*

வீட்டில் அப்பா குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூ மாட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது.

"அப்பா, அந்தப் பணத்தைத் தொட வேண்டாம்னு..."

"வாங்க வேண்டாம்மா. பார்த்துட்டாவது வரலாம்ல?"

மூத்தவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்படிக்குள் அவளை இழுத்துப் போனாள்.

"பார்க்கறதோட சரி. புரியுதா? கட்டின பொண்டாட்டி நான் சொல்றேன், அந்த மனுஷனுக்கு மனசுல தெம்பு கிடையாது. பிரேக்கைத் தவிர வேற எதையும் மிதிக்கத் தெரியாது அவருக்கு. ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்துச்சு..." அதற்குமேல் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். "நடுவுல நடுவுல குடிக்கச் சொல்லு. ஒரேயடியா குடிச்சா வாந்தி வரும்."

வாடகைக் காரில் போகும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பாவின் கால் தரையை அழுத்தியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "என்ன சார், பயமா?" என்றான்.

"பழக்கம் தம்பி."

யார்டில் கதவில்லாத வண்டிகள், கதவுகள் மட்டும், சீட்டுகள் மட்டும் என்று தனித்தனியாக அடுக்கியிருந்தார்கள். கோடியில் மகராசி நின்றிருந்தாள். பெயிண்ட் வெளிறி, ஒரு பக்க விளக்குக்குக் கண்ணாடி இல்லாமல், முன்னால் கொஞ்சம் நசுங்கி. அப்பா பார்க்க வருகிறார் என்று மூத்தவள் சொல்லியிருந்ததால், தம்பி ஏற்கெனவே வந்து பேட்டரி மாட்டிக்கொண்டிருந்தான்.

யார்டுக்காரர் ஓடிவந்தார். "வாத்தியாரே! என்ன இப்படி இளைச்சுட்டீங்க?" என்று ஆரம்பித்து, தம்பியின் முகத்தைப் பார்த்து அங்கேயே விழுங்கிவிட்டார். "நானும் இதுல ஓட்டினவன்தான். ரிவர்ஸ்ல மூணு தடவை இந்தச் சுவத்துல இடிச்சேன். நீங்க திட்டவே இல்ல. அதனாலதான் கையை வைக்க மனசு வரல."

அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். பானட்டைத் தட்டினார். பிறகு, யாரும் சொல்லாமலே பக்கத்து ஸீட்டுப் பக்கம் போய் ஏறி உட்கார்ந்துகொண்டார். உட்காரவே கொஞ்சம் நேரம் பிடித்தது.

"பெரியவளே, ஏறு. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

 இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். மூத்தவளுக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறினாள்.

*

யார்டுக்குப் பின்னால் கிடங்குகளின் நீளமான சுவரை ஒட்டி ஒரு ரோடு. போக்குவரத்து அதிகமில்லை. கியர் கரகரவென்று விழுந்தது.

"கிளட்ச்சை முழுசா மிதி. உனக்கு எப்பவும் அவசரம்."

"சரிப்பா."

"ரெண்டாவது போடு."

போட்டாள். ஜன்னல்களை அவர் ஒவ்வொன்றாக ஏற்றினார். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அவருக்கு மூச்சு வாங்கியது.

"டாக்டர் என்ன சொன்னார்? வண்டி வாங்கலாம்னாரா?"

"பணத்தை இப்போ தொட வேண்டாம்ப்பா. அடுத்த மாசம் உடம்பு தேறினதும் ஆபரேஷனை வெச்சுக்கலாம்னு..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. கிடங்கு வாசலிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாக ரோட்டுக்கு வந்தது.

முப்பது வருஷமாக இந்த மாதிரி நேரத்தில் வண்டி தானாக நின்றுவிடும். ஓட்டுகிறவர் பயந்து முடிப்பதற்குள் அப்பாவின் கால் வேலையை முடித்திருக்கும். மூத்தவளும் அந்தப் பழக்கத்தில் ஒரு கணம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வண்டி நிற்கவில்லை. லாரியின் பின்பலகை கண்ணாடி முழுக்க வந்துவிட்டது. அலறிக்கொண்டு தன் பிரேக்கை அவளே மிதித்தாள்.

மகராசி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனாள். லாரிக்காரன் எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனான்.

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் கால் அவருடைய பிரேக்கின் மேல்தான் இருந்தது. முழங்கால் நடுங்க நடுங்க அழுத்திக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. பிரேக் பாதிகூடக் கீழே இறங்கியிருக்கவில்லை.

அவர் காலை எடுக்கவே இல்லை. யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்டைப் பாரும்மா" என்றார் மெதுவாக.

ரோட்டைப் பார்த்தாள்.

"புண் ஆறினா, காலுக்குத் திரும்ப வலு வருமா?"

அம்மாவின் முகம் கண்முன் வந்து நின்றது. ஒரு வார்த்தை போதும். வரும்ப்பா என்றால் முடிந்தது. மூத்தவள் வாயைத் திறந்தாள். ஸ்டியரிங் அவள் கையில் இருந்தது.

"வராதுப்பா."

"ம்."

"புண் இல்லப்பா அது."

"ம்."

"ஆபரேஷன் இல்ல. பண்ண முடியாதுன்னுட்டாங்க. எல்லா இடத்துக்கும் போயிடுச்சாம்." "வருஷக் கடைசியைத் தாண்டறதே கஷ்டம்னாங்க. மன்னிச்சுடுங்கப்பா. நாங்க எல்லாரும் சேர்ந்து..."

"ஸ்டார்ட் பண்ணு. நடுரோட்டுல நிக்கறோம்."

ஸ்டார்ட் பண்ணினாள். வண்டி ஊர்ந்தது.  அப்பா ஒருமுறை தொண்டையைச் செருமினார். பக்கத்தில் அவர் அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியாது. பார்க்கக்கூடாது என்பது சட்டம். அவள் பார்க்கவில்லை. சுவர் முடிந்து, வேலி வந்து, வேலியும் முடிந்து, மறுபடி யார்டின் பக்கம் வண்டி திரும்பியது.

"உங்கம்மாவுக்கு?"

"அம்மாவுக்குத்தான்ப்பா முதல்ல தெரியும். சொல்லவே கூடாதுன்னு அவங்கதான்..."

அவர் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. தன் சாவைக் கேட்டபோதுகூட அப்படி இழுக்கவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?" என்றார். "தெரிஞ்சுதான் என்கிட்ட தினம் சண்டை போடறாளா? நேத்து தலைமுடி கொட்டுதுன்னு கிண்டல் பண்ணினாளே. எல்லாம் தெரிஞ்சா?"

"ஆமாம்ப்பா."

"பாவி. ஒண்டியா வெச்சுக்கிட்டு இருந்திருக்கா." அவர் குரல் முதல் தடவையாக உடைந்தது. "நான் அவளை ஏமாத்தறேன்னு நினைச்சுட்டிருந்தேன்மா. எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம். அவளுக்குத் தெரியாம இருக்கணுமேன்னு தினம் கஞ்சியை முழுசா குடிச்சுட்டு, பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பேன்."

மூத்தவளால் தாங்க முடியவில்லை. அந்தக் குழாய்ச் சத்தத்தை வீட்டில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் நாலு பேர் நாலு மூலையில் உட்கார்ந்து ஒரே பொய்யைக் காவல் காத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் எங்கேயாவது நடக்குமா?

"கல்யாணமான புதுசுல அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன்" என்றார் அப்பா. "ஒழுங்காத்தான் ஓட்டினா. எனக்குத்தான் பயம். அவ மிதிக்கறதுக்கு முன்னாடி நானே மிதிச்சுட்டே இருந்தேன். நடுரோட்டுல இறங்கிட்டா. எல்லாத்தையும் நீங்களே மிதிக்கறதுன்னா நான் எதுக்கு இந்தப் பக்கம் உக்காரணும்னு கேட்டா. வீடு வரைக்கும் நடந்தே வந்தா. அதுக்கப்புறம் தொடவே இல்ல. அவளோட ஒரு நாளும் இதுல உக்காந்து நான் பேசினதில்லம்மா."

யார்டு வாசலில் தம்பி நின்றிருந்தான். வண்டி நின்றதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே இரண்டு முகத்தையும் பார்த்தான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்பா அந்தக் கையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"வண்டியை வாங்குடா. லீவெல்லாம் கேட்டு வைக்காதே."

*

பேப்பர் வேலைக்குத் தம்பி யார்டிலேயே தங்கிவிட்டான். மூத்தவள் ஓட்டினாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. வழியெல்லாம் அப்பா கண்ணை மூடிக்கொண்டு வந்தார். அவர் கால் அசையவே இல்லை.

தெரு திரும்பும்போது மூத்தவள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். அப்பாவிடம் சொன்னது பெரிதில்லை என்று இப்போது தோன்றியது. இனி அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது?

மகராசியின் சத்தம் அந்தத் தெருவுக்குப் புதிதல்ல. வண்டி நிற்பதற்குள் அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள், கையில் பாத்திரம் துடைக்கும் துணியோடு. வண்டியைப் பார்த்தாள். பக்கத்து ஸீட்டில் இருந்தவரைப் பார்த்தாள். பிறகு மூத்தவளைப் பார்த்தாள். அம்மா அறைந்திருந்தால்கூட அந்தப் பார்வை அளவுக்கு வலித்திருக்காது.

"பார்க்கறதோட சரின்னு சொன்னேன்ல?" என்றாள்.

மூத்தவள் இறங்கி நின்றாள். "அம்மா..."

"பேசாதே."

தூக்கித் தெருவில் கொட்டிவிடுவேன் என்று மதியம் சொன்னவள், துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் கட்டிக்காத்தது ஒரு மத்தியானத்தில் போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இனிமேல் இந்த வீட்டில் காய்க்காரன் கிடையாது, ஆபரேஷன் கிடையாது.

அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே சாய்ந்து, கையை எட்ட நீட்டி, ஸ்டியரிங் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து நன்றாகத் திறந்துவிட்டார். அதற்கே அவருக்கு இரைத்தது.

"ஏறு" என்றார் அம்மாவிடம். "ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"என்னைப் போய்... எனக்கு ஓட்டத் தெரியாது."

"தெரியும். நான்தான் விடல."

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்கயாவது கொண்டுபோய் இடிப்பேன்."

"இடிக்கமாட்டே. அதான் பக்கத்துல நான் இருக்கேனே."

எந்தப் புதுசு வந்து உட்கார்ந்தாலும் வாத்தியார் சொல்வதுதான் அது. பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவரும் வாயை மூடிக்கொண்டார். அந்தக் காலால் பிரேக்கைப் பாதிகூட மிதிக்க முடியாது என்பது மூத்தவளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவை ஏறவிடலாமா, தடுக்கவேண்டுமா?

அம்மா வண்டிக்கருகில் வந்தாள். திறந்த கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கணவரின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"பக்கத்துல... எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள்.